மதுரைக் காலும் கார்ட்டூம் நகரமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பையொட்டிக் கே.கே. நகரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஒரு இருபது நிமிஷம் பேசணும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இந்த மாதிரி ஏதாவது சொல்லுங்க, எல்லாருக்கும் பயன்படும்" என்றார். சர்க்கரையைப் பற்றி என்னைவிட அனுபவசாலிகள் முதல் இரண்டு வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை விட்டுவிட்டேன். உங்களில் பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு நோயைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இத்தனைக்கும் அதன் பெயரிலேயே நம் பக்கத்து ஊர் இருக்கிறது. மதுரைக் கால். ஆங்கில மருத்துவப் புத்தகங்களில் 'மதுரா ஃபுட்' என்று போட்டிருக்கும். மருத்துவர்கள் வைத்த பெயர் மைசிடோமா.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. நம் கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, லேப் டெக்னீஷியன் பயிற்சி முடித்து, நுண்ணுயிர்ப் பரிசோதனைக் கூடத்திலேயே முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். மருந்துச் சீட்டு எழுதும் கை இது இல்லை, கண்ணாடித் தகடு துடைத்த கை. அந்த அளவுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோய் எப்படி ஆரம்பிக்கிறது? வெறுங்காலோடு நடக்கிறவருக்கு ஒரு முள் குத்துகிறது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். முள்ளோடு உள்ளே போன பூஞ்சையோ பாக்டீரியாவோ தோலுக்கு அடியில் தங்கிவிடுகிறது. மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில், ஒரு சின்னக் கட்டியாக இருக்கும். வலிக்காது. இந்த நோயின் சூது முழுவதும் அந்த வலிக்காததில்தான் இருக்கிறது. பிறகு பாதம் வீங்கும், அங்கங்கே புரையோடித் துளை விழும். அந்தத் துளைகள் வழியாக நீரும் சீழும் கசியும். அதோடு சின்னச் சின்னக் குருணை வெளியே வரும். அரிசிக் குருணை பார்த்திருக்கிறோமே, அது மாதிரி. கருப்பாக, வெள்ளையாக, மஞ்சளாக, சிவப்பாக. அந்த ஒவ்வொரு குருணையும் கிருமிகள் கூட்டமாகக் கட்டியிருக்கும் ஒரு கோட்டை. வீக்கம், புரை, குருணை இந்த மூன்றும் சேர்ந்தால் மைசிடோமா. இதோடு விட்டால் எலும்புக்குள் இறங்கும். கடைசியில் காலை எடுக்க வேண்டிவரும்.

யானைக்கால் என்று இதை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இல்லை. யானைக்கால் கொசுவால் வருவது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் ஊர்க்காரர்கள் ஒதுக்குவது என்னவோ தொற்றுநோய்க்காரரை ஒதுக்குவது மாதிரியேதான். வடமொழி வைத்திய நூல்களில் 'பாதவல்மீகம்' என்று ஒன்று வருகிறது. கறையான் புற்றுப் போன்ற பாதம் என்று பொருள். அது இந்த நோய்தான் என்று இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் கருதுகிறார்கள். துளைத்துளையாக இருக்கும் பாதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

மதுரை எப்படி வந்தது? 1842-ல் மதுரை மருந்தகத்தில் வேலை பார்த்த ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். 1846-ல் கோல்புரூக் என்பவர் 'மதுரைக் கால்' என்ற பெயரைப் போட்டார். இது பூஞ்சையால் வருவது என்று 1860-ல் பம்பாயிலிருந்து எழுதி, மைசிடோமா என்ற சொல்லையும் கொடுத்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர்களுக்கு இவரைத் தெரியும், பெயர் தெரியாமலே தெரியும். 'கிரேஸ் அனாடமி' என்ற புகழ்பெற்ற புத்தகத்தின் படங்களையெல்லாம் வரைந்தவர் இவர்தான். எழுதிய கிரேயின் பெயர் நின்றது, வரைந்தவரை மறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மதுரை என்ற பெயர் உலகம் சுற்றியது. கருப்புக் குருணை உண்டாக்கும் பூஞ்சைக்கு 'மதுரெல்லா' என்று பெயர். ஒரு பாக்டீரியாவுக்கு 'ஆக்டினோமதுரா மதுரே'. ஒரே பெயரில் மதுரை இரண்டு தடவை வருகிறது பாருங்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாக்டீரியாவை 1894-ல் வின்சென்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது அல்ஜீரியாவில் ஒரு நோயாளியிடம். அந்த நோயாளி மதுரைக்கு வந்திருக்கவே மாட்டார். புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயர் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லிவிட்டது. நல்லதுதான். ஆனால் பழைய பெயரை அழிக்க முடியாது. மதுரைக்காரர்கள் யாராவது இந்தச் சபையில் இருந்தால் மன்னிக்க வேண்டும்.

இனி என் கதை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

1984 என்று நினைக்கிறேன், நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். துறையூர்ப் பக்கம் மேட்டுக்காட்டில் கூலி வேலை செய்யும் ஒருவருடைய கால் புண்ணிலிருந்து எடுத்த கசிவு, காஜ் துணியில் சுற்றி லேபுக்கு வந்தது. துணி முழுக்கக் கருப்புக் கருப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, மண். கட்டைச் சரியாகக் கட்டாமல் தரையில் நடந்து மண்ணை அப்பிக்கொண்டு வந்துவிட்டார் என்று. "மாதிரி அசுத்தம், மீண்டும் அனுப்பவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். துணி குப்பைக் கூடைக்குப் போனது.

மறுபடி மாதிரி வரவில்லை. ஆள் ஊருக்குப் போய்விட்டார். ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவரிடம் "இன்னொரு தடவை வாங்க" என்றால் யார் வருவார்கள்? வலியும் இல்லை. இரண்டு வருடம் கழித்து வந்தபோது பாதம் இருமடங்கு வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு அங்கங்கே அரித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுப்பதாக முடிவானது. ஆபரேஷனுக்கு முன்னால் அவர் வார்டில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "வலியே இல்லைங்களே, எதுக்குங்க எடுக்கணும்?"

எடுத்த பாதத்திலிருந்து வந்த திசுவை நோய்க்கூறு இயல் பேராசிரியர் தகடாக்கி, மைக்ராஸ்கோப்பில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "தம்பி, தாவரவியல் படிச்சவர்தானே, இது என்ன சொல்லுங்க" என்றார். கருப்புக் குருணைக்குள் பூஞ்சை இழைகள். கிளை கிளையாகப் பிரிந்து, குறுக்குச் சுவரோடு, நம் கல்லூரி லேபில் ரொட்டிப் பூசணத்தையும் மற்றதையும் வரைந்து வரைந்து பழகின கண்ணுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. பழைய பதிவேட்டை நான்தான் போய்ப் புரட்டினேன். என் கையெழுத்து அதில் இருந்தது. அந்தக் கருப்பு மண் இல்லை. ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நசுக்கிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் தெரிந்திருந்தாலும் கருப்புக் குருணைக்கு நல்ல மருந்து அதிகம் கிடையாது என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்தினவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் எலும்புக்குப் போகாத சின்னக் கட்டியாக இருந்தபோது அறுத்து எடுத்திருக்கலாம். பாதம் மிஞ்சியிருக்கும்.

அன்றிலிருந்து குருணைகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். நிறத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். கருப்பு என்றால் பூஞ்சை. சிவப்பு, மஞ்சள் என்றால் பெரும்பாலும் பாக்டீரியா. வெள்ளை என்றால் இரண்டில் எதுவும் இருக்கலாம், அங்கேதான் லேப்காரன் நிதானமாக இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அக்கறை என்றால், இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு. பாக்டீரியா வகைக்கு மருந்து நன்றாகக் கேட்கும். மெக்சிகோவில் மாண்டெர்ரே நகரத்தில் ஒலிவேரியோ வெல்ஷ் என்ற தோல் மருத்துவர் 1980-களில் அமிகாசின் ஊசியும் கோட்ரிமாக்சசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துக் கால்களைக் காப்பாற்றிக் காட்டினார். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் அதையே நம் நாட்டு வசதிக்கும் செலவுக்கும் ஏற்றபடி, ஜென்டாமைசினை வைத்து மாற்றி அமைத்தார்கள். மெக்சிகோவில் ஒருவர் கண்டது டெல்லி வழியாகத் திருச்சி மாவட்டத்துக் கூலிக்காரரின் காலுக்கு வந்து சேர்ந்தது. இதற்கு ஒப்பந்தம் இல்லை, கைகுலுக்கும் புகைப்படம் இல்லை. மருத்துவ இதழில் ஒருவர் எழுதினார், இன்னொருவர் படித்தார். சர்வதேச ஒத்துழைப்பு என்றால் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும்.

பூஞ்சை வகை அப்படி இல்லை. பிடிவாதம். இட்ராகோனசோல் என்ற மாத்திரையைத் தினமும் நான்கு வீதம் ஒரு வருடம் சாப்பிட வேண்டும். கணக்குப் போட்டால் 1460 மாத்திரை. நடுவில் அறுவை. அதற்குப் பிறகும் திரும்பி வரலாம். மாதச் சம்பளக்காரருக்கே சிரமம், ஆடு மேய்க்கிறவர் என்ன செய்வார்?

வெளிநாட்டு உதவி என்றால் நம் தமிழ்நாட்டில் ஒரு பழைய சித்திரம் இருக்கிறது. தொழுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ல் பெல்ஜியத்திலிருந்து டாக்டர் ஹெமெரிக்ஸ் வந்து செங்கல்பட்டு மாவட்டத்துப் போலம்பாக்கத்தில் மரத்தடியிலேயே வைத்தியம் பார்த்தார். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். அவர் பிறந்ததே நம் பக்கத்துக் கொல்லிமலையில்தான். பிறகு கூட்டு மருந்து வந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் மூலம் இலவசமாக வந்தது. அந்தப் பெரியவர்களுக்குக் கைகூப்ப வேண்டும். ஆனால் அந்தச் சித்திரத்தில் கொடுக்கிறவர் எப்போதும் பணக்கார நாட்டுக்காரர், வாங்கிக்கொள்கிறவர் நாம்.

மைசிடோமா கதை அப்படிப் போகவில்லை. இதில் முன்னால் நின்றது சூடான். நம்மைவிட ஏழை நாடு. கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியர் அகமத் ஹசன் ஃபஹல் என்பவர் தலைமையில் 1991-ல் மைசிடோமா ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். வந்த ஒவ்வொரு நோயாளியின் பெயர், ஊர், தொழில், கால், குருணை எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். பதிவேட்டில் பத்தாயிரம் பேரைத் தாண்டியது. நோயாளிகள் நகரத்துக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் சென்னார் மாநிலத்தில் வாத் ஓன்சா என்ற கிராமத்திலேயே போய் முகாம் போட்டு அறுவை செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் மைசிடோமாவுக்கென்று அங்கீகரித்த முதல் ஒத்துழைப்பு மையம் அதுதான்.

அந்தப் பதிவேடு கையில் இருந்ததால்தான் சூடானால் ஜெனீவாவில் பேச முடிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் அதுவரை மைசிடோமா இல்லை. புறக்கணிக்கப்பட்டவற்றின் பட்டியலிலேயே புறக்கணிக்கப்பட்ட நோய்! 2016 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டுச் சேர்த்துக்கொண்டது. பட்டியலில் பெயர் வந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பவர் இனிமேல் "இப்படி ஒரு நோய் இருக்கிறது" என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. அதுவே பாதி வேலை.

பிறகு மருந்து. ஜப்பானில் எய்சாய் நிறுவனத்திடம் ரவுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி இருந்தது. உடலில் போய் ரவுகோனசோலாக மாறும் ஃபோஸ்ரவுகோனசோல் அங்கே நகச்சொத்தைக்கு மருந்தாக 2018-ல் அனுமதி பெற்றது. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் மதுரெல்லா பூஞ்சையை வளர்த்து வைத்து ஒவ்வொரு மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், அதில் ரவுகோனசோல் நன்றாக வேலை செய்தது. ஜெனீவாவைச் சேர்ந்த 'டி.என்.டி.ஐ.' என்ற லாபநோக்கமற்ற மருந்து அமைப்பு இவர்களை இணைத்தது. நோயாளிகளும் அறுவை அனுபவமும் பதிவேடும் கார்ட்டூமில் இருந்தன. 2017-ல் 104 நோயாளிகளை வைத்து ஒப்பீட்டுச் சோதனை தொடங்கியது. இந்த நோய்க்கு அப்படி ஒரு முறையான சோதனை உலகத்தில் அதற்கு முன் நடந்ததே இல்லை.

முடிவு 2024-ல் வெளியானது. அதை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். புது மருந்து பழையதைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் பழைய இட்ராகோனசோலே கொஞ்சம் முன்னால் நின்றது, ஆனால் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. லாபம் எங்கே என்றால், புது மருந்து வாரத்துக்கு ஒரு முறை போதும். தினமும் நான்கு மாத்திரையை மறக்காமல் விழுங்குவதற்கும், சந்தை நாளுக்கு ஒரு தடவை விழுங்குவதற்கும் உள்ள தூரம் கிராமத்துக்காரருக்குத் தெரியும். 'புரட்சி மருந்து' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு படி முன்னேற்றம், அவ்வளவுதான். அந்த ஒரு படிக்கு மூன்று கண்டங்கள் கைகோர்க்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் நடந்தது, நம் வேதியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. சிட்னி பல்கலைக்கழக வேதியியல்காரர்களும் எராஸ்மஸ்காரர்களும் சேர்ந்து 'மைசிட்டாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். புதிய சேர்மங்களைச் செய்து பார்க்கிறார்கள், முடிவுகளை மறைக்காமல் அன்றன்றைக்கே பொதுவில் வைத்துவிடுகிறார்கள். காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம். மாணவர்கள் செய்த சேர்மங்களும் அதில் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் சண்டை மூண்டது. நடந்தது கார்ட்டூம் நகரத்துக்குள்ளேயே. மருத்துவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். மையம் அழிந்துபோய்விட்டது என்ற செய்தி 2025-ல் படத்தோடு வந்தது. கூரை இடிந்து, குளிர்சாதனப் பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. நாற்பது வருடத்துக்கு மேலாகச் சேர்த்த மாதிரிகள், குருணைகள், திசுக்கள் எல்லாம் போயின என்று ஃபஹல் சொன்னார். நான் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா, "யாருங்க, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு காஜ் துணியைக் குப்பையில் போட்டதற்கே எனக்கு நாற்பது வருடமாகத் தூக்கம் கெடுகிறது. அந்த மனிதருக்கு ஒரு கட்டடம் முழுக்கப் போயிருக்கிறது.

இப்போது நம் பக்கம் வருகிறேன். உலகத்தில் இந்த நோயாளிகள் அதிகம் பதிவான நாடுகள் மெக்சிகோ, சூடான், இந்தியா. நம் ஊர் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1968-லேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து தென்னிந்திய மைசிடோமாவுக்கு எந்தெந்தக் கிருமி காரணம் என்று கட்டுரை வந்தது. 1990-களில் சென்னையிலிருந்து நுண்ணுயிர்த்துறையினர் தொடர்ந்து எழுதினார்கள். தனித்தனி ஆட்களின் உழைப்பு. ஆனால் தொழுநோய்க்கும் யானைக்காலுக்கும் இருப்பது மாதிரி இதற்கென்று ஒரு தேசியத் திட்டம் நம் நாட்டில் இல்லை. ஆகவே எத்தனை பேர் என்ற கணக்கு கட்டுரை எழுதியவர்களின் ஆர்வத்தைப் பொறுத்ததாக இருக்கிறது. எழுதுகிறவர் ஓய்வு பெற்றால் நோயும் ஓய்வு பெற்றுவிட்டதாகக் காகிதத்தில் தெரியும்!

சூடான் கொடுத்தது பதிவேட்டை. மெக்சிகோ கொடுத்தது வைத்திய முறையை. ஜப்பான் மருந்தை. டச்சுக்காரர்கள் லேபை. நாம் இதுவரை கொடுத்தது பெயர் மட்டும்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கார்ட்டூமில் சேர்த்தது போய்விட்ட இந்தச் சமயத்தில் மற்ற நாடுகளில் இருக்கும் மாதிரிகளுக்கு முன்னைவிட மதிப்பு அதிகம். உடனே பார்சல் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. நம் நாட்டு உயிர்ப்பொருளை வெளியே அனுப்ப அனுமதி வேண்டும், அந்தச் சட்டம் இருப்பது நியாயம்தான். இங்கேயே வளர்த்து, இங்கேயே பெயர் கண்டு, இங்கேயே எழுதி வைக்கலாமே. முடிவுகளை உலகத்துக்குக் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லாத விஷயங்கள் எவ்வளவோ இருக்கின்றன: வயது, தொழில், எந்தக் கால், எத்தனை வருடமாக, என்ன நிறம்.

இதற்குப் புதிய இயந்திரம் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு வழிமுறை வெளியிட்டது. தோல் மூலம் தெரியும் புறக்கணிக்கப்பட்ட நோய்களையெல்லாம் ஒரே ஊழியர் ஒரே தடவையில் பார்க்கட்டும் என்கிறது. தொழுநோய்த் தேமலைத் தேடி வீடு வீடாகப் போகிறவர் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்க்கிறார். அப்படியே குனிந்து பாதத்தையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. 2025 மே மாதம் தோல் நோய்கள் முழுவதையுமே முக்கியமான பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தீர்மானம் ஜெனீவாவில் இருக்கிறது. குனிய வேண்டியது மணப்பாறையிலும் முசிறியிலும்.

செருப்புப் போடுங்கள் என்று சொல்வது சுலபம். நாற்று நடுகிறவர் சேற்றில் செருப்போடு இறங்க முடியுமா? ஆனால் இந்த நோய் சேற்று வயலைவிட வறண்ட மேட்டு நிலத்தில்தான் அதிகம் பார்க்கிறோம். கொஞ்ச நாள் மழை, மீதி நாள் வெயில், எங்கும் முள். சூடானிலும் கருவேல இனம்தான், நம் பக்கமும் சீமைக்கருவேலம் பெருகிக் கிடக்கிறது. அங்கே மண்ணிலும் முள்ளிலும் இந்தப் பூஞ்சையின் டி.என்.ஏ. இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர், விறகு வெட்டுகிறவர், காட்டு வேலைக்காரர், இவர்களுக்குச் செருப்பு சாத்தியம்தான்.

நான் குடியிருப்பது இந்தக் கே.கே. நகரில். காலையில் உழவர் சந்தைக்குப் போனால் எல்லோரும் கத்தரிக்காயைப் பார்ப்பார்கள், நான் விற்கிறவர் காலைப் பார்ப்பேன். ஒரு அம்மா, "என்னங்கய்யா, காய வாங்காம கால பாக்குறீங்க?" என்று கேட்டே விட்டார். இத்தனை வருடத்தில் சந்தேகப்பட்டு இரண்டு பேரை அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்கு ஆணிக்கால். டாக்டர் சிரித்தார். இன்னொருவருக்குச் சுண்டைக்காய் அளவுக் கட்டி, வலி இல்லை, அறுத்துப் பார்த்தால் உள்ளே கருப்புக் குருணை. தோலுக்கு அடியோடு நின்றிருந்தது, எலும்புக்குப் போகவில்லை. அறுவையும் மாத்திரையுமாகச் சரியாகி, இப்போதும் சந்தைக்கு வருகிறார். எனக்குக் கீரைக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார், அது ஒரு தொல்லை.

நுண்ணுயிரியல் துறை மாணவிகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்து, "சார், பழைய தகடுகள் இருக்காமே, பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். அதனால்தான் இந்த மரப்பெட்டியை இன்று கொண்டுவந்தேன். நான் சேர்த்த குருணைத் தகடுகள் இதில் இருக்கின்றன. நோயாளி பெயர் எதிலும் இல்லை. வருடம், ஊர்ப்பக்கம், தொழில், நிறம் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. சிலவற்றில் சாயம் மங்கிவிட்டது, மறுபடி ஏற்றலாமா என்று பேராசிரியர்தான் சொல்ல வேண்டும். ரோட்டர்டாம் பக்கமோ சிட்னி பக்கமோ இருக்கும் நம் சங்கத்து உறுப்பினர்கள் யாராவது அந்த லேப்காரர்களோடு நம் மாணவிகளைப் பேசவைக்க முடிந்தால், செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

பெட்டியைத் துறைத் தலைவர் அவர்களிடம் இப்போதே ஒப்படைக்கிறேன். மேல் அடுக்கில் முதல் தகடு அந்தத் துறையூர்க்காரருடையது. பேராசிரியர் எனக்குக் காட்டிய அதே தகடு, அவர் ஓய்வு பெற்றபோது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஓரம் கொஞ்சம் விரிந்திருக்கிறது, பார்த்து எடுங்கள்.